உலர்த்தும் உருளை நின்ற காரணம்

சின்னசேலம்
12.2.1989

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். டெல்லிக் குளிர் உன் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும் என்பதே வீட்டில் தினமும் பேச்சு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லாரிகள் வருகின்றன. ஜவ்வரிசி செய்யும் நம் சேகோ மில் ஓடுகிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். லாபத்துக்கும் வட்டிக்கும் வரி கூடினால் புதிய முயற்சிகள் குறையும், நாட்டின் வளர்ச்சியும் மெதுவாகும் என்ற உன் ஆய்வில் என்னையும் சேர்த்திருக்கிறாய். மாவு உலர்த்தும் புது உருளை மிஷினை வரியால்தான் கைவிட்டேன் என்று நான் சொன்னதை நம்பினாய். பிறகு நான் அனுப்பிய ரசீதுகளைப் பார்த்துவிட்டு, அந்த வருஷம் வரி முன்பைவிடக் கம்மிதானே அப்பா, பின் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறாய்.

வரி காரணமில்லை அம்மா. எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீடு கேட்டுச் சங்கத்தார் நடத்திய போராட்டம். சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லாததால் மாவைக் களத்தில் காயவைக்கும் ஆட்கள் வரவில்லை. மழை வேறு. உருளையை ஓட்டிப் பார்க்க அவசரப்பட்டேன். நீரைப் பிழியாமல் ஈரமாவைச் சூட்டில் கொட்டினேன். வெந்து பசையாகிவிட்டது. கிழங்கு தோலுரிக்கும் சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்து, இன்னா மொதலாளி, சங்கத்து ஆளுங்க போஸ்டர் ஒட்டப் பசை தேடிக்கினு இருக்காங்க, இத்த எடுத்துக்கினு போய்க் குடுங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உருளை இருந்த கொட்டகையைப் பூட்டினேன். கேட்டவர்களிடம் வரி என்றேன். கௌரவமான காரணம். உன்னிடமும் அதையே.

உன் வாதம் தவறில்லை. பக்கத்து மில் ஆதிமூலம் மாமா லாபத்தை மில்லிலேயே திரும்பப் போடுகிறவர். புது அரவை மிஷினுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு வரிக்குப் போய், இரண்டு வருஷம் காத்திருந்தார். அவரைக் கேட்டுவிட்டேன், உனக்கு எழுதுவதாகச் சொன்னார். ஆய்வில் என்னைப் பற்றிய பத்தியை அடித்துவிடு. அடுத்த மாதம் தேர்வாளர்கள் முன் நீ நிற்கும்போது என் பொய் உன்னோடு நிற்கக் கூடாது.

அம்மாவிடம் சொன்னேன். பொண்ண அவ்ளோ தூரம் படிக்க வெச்சதும் நீங்க, இப்ப மாட்டிக்கினதும் நீங்க என்று அடுப்படியிலிருந்து சிரித்தாள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையிலிருந்து மில்லில் ஒருவரையும் விடவில்லை. என் மகள் அப்பன் சொல்லையும் சரிபார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்கே போனாலும் இப்படியே கேள்வி கேட்டு வாழ எங்கள் இருவரின் ஆசி. கம்பளி இல்லாமல் நூலகம் போகாதே.

உன் அப்பா,
கொளஞ்சியப்பன்