ஓவிய ஆசிரியைக்கு எதற்கு ஊசி?

மார்ச் 4
வீட்டு அறையில் செய்கிற தொழிலுக்குத் தனிக் கடை போட, கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். வருமான வரி கட்டிய சான்று வேண்டுமாம். பச்சை குத்துகிற தொழிலுக்கு நகராட்சியில் உரிமமே கிடையாது. கேட்டால், “தடையும் இல்ல, அனுமதியும் இல்ல” என்பார்கள். அப்படியென்றால் நான் யார்?

மார்ச் 7
ஆடிட்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: “வரிக் கணக்குல ஓவிய ஆசிரியைன்னு போட்டுடலாம்மா.”
“அப்ப ஊசி, கையுறை, மை, கருவி கொதிக்க வைக்கிற மெஷின்... செலவுக்கெல்லாம் கழிவு கிடைக்குமா சார்?”
“ஓவிய ஆசிரியைக்கு எதுக்கும்மா ஊசி?”
இருவரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8
உண்மையைப் போடப்போகிறேன் என்றதும் என் கணவர் பதறினார். “நீயே போய் மாட்டிக்கப்போறியா? நாளைக்கே வந்து ரூமைப் பூட்டிட்டா?” கல்யாணமான நாளிலிருந்து எந்த அலுவலகமும் நம் பக்கம் திரும்பக் கூடாது என்றிருப்பவர். அவர் பயம் நியாயம்தான்.

மார்ச் 9
தூக்கம் வரவில்லை. ஆளுக்கொரு புது ஊசி பிரிக்கிறேன். அதை மறைத்தால், கணக்குப்படி நான் ஊர் முழுக்க ஒரே ஊசியில் குத்துகிறவள்! சீ — அதை மட்டும் என்னால் முடியாது.

மார்ச் 12
வரிக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். தொழில்: பச்சை குத்துதல்.

மே 20
வரி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பில்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி.
“இது சட்டப்படியான தொழிலாம்மா?”
“தெரியலைங்க மேடம். வருமானம் நிஜம், செலவும் நிஜம்.”
“எனக்கு அது போதும். லைசென்ஸ் என் வேலை இல்ல.” ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார். ஊசி, கையுறை, மெஷின் எல்லாம் சரி. ஓரிடத்தில் நிறுத்தினார். “மிட்டாய் எதுக்கு?”
“பாதியில மயங்கிடுவாங்க மேடம். பெரிய பெரிய மீசைக்காரங்கதான் அதிகம்.”
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். மிட்டாயும் செலவில் சேர்ந்தது. மைக்கறை தெரியாமலிருக்க நான் போடும் கறுப்புச் சட்டைகள் மட்டும் சேரவில்லை.

ஜூன் 2
யாரும் பூட்ட வரவில்லை. கணவர் இன்னும் வாசலையே பார்க்கிறார்.

ஜூலை 15
கடன் கிடைத்தது. கேட்டதில் பாதிதான். போகட்டும்.

ஆகஸ்ட் 11
உரிமத்துக்கு நகராட்சியில் இன்னும் வழியில்லை. கடைக்குப் பெயர்ப் பலகை எழுத ஆள் வந்தார். “‘பச்சை குத்துமிடம்’னே போட்டுடவா? ஓரமா, சின்னதா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் சொன்னார்: “நடுவுல போடுங்க. ரோட்லேர்ந்து தெரியணும்.”