ஜெப வீட்டைப் பிரித்த வாரம்

5-11-1951 திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் மரங்களில் பால் வெட்டு இல்லை. தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணி, குடையோடு லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். மேல் டிவிஷன் முழுதும் புதன்கிழமைக்குள் காலி. கீழே, ஆபீஸ் பக்கம், முள்கம்பி வேலிக்குள் புது லயம். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நம்மிடமிருந்து அரிசி போய்விடக் கூடாதாம்.

"ஜெப வீடு, ஐயா?" என்று கேட்டேன்.

"அதையும் பிரிச்சிரணும்மா. வேலிக்கு வெளியில ஒரு கூரை நிக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு."

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தச்சர். ஜெப வீடு இவர் கையால் எழும்பியது. இரண்டு வருஷம், வேலை முடிந்த சாயங்காலங்களில். ஒன்பது குடும்பம் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டு வாங்கிய வீடு. கிராணி சொன்னதைக் கேட்டுக்கொண்டு இவர் நின்றார். 

எடுக்க வேண்டியவை: அம்மி. பாய் இரண்டு. வேதாகமம், எண்ணெய்த் துணியில் சுற்றி. கோழி மூன்று. கறிவேப்பிலைக் கன்று, வேரோடு வருமா?

7-11 புதன்

வந்து சேர்ந்தோம். லோரி மூன்று நடை. ஒரு கோழி வழியில் குதித்து ஓடிவிட்டது. கன்று பிழைக்கும் போலிருக்கிறது.

ஜெப வீட்டைப் பிரிக்க வேறு ஆள் அனுப்புகிறேன் என்றார் கிராணி. "வேணாங்கய்யா, நானே பிரிக்கிறேன்" என்றார் இவர். ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தட்டி நிமிர்த்தி, டின்னில் போட்டார். நான் பலகையைத் தாங்கிப் பிடித்தேன். பலகை எல்லாம் தோட்டத்துக்கு. புது லயத்தில் முடியாமல் கிடந்த தடுப்புகளுக்கு அதையே அடிக்கச் சொன்னார்கள். எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இவரே அடித்தார்.

சாயங்காலம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டோம், குடுத்தாரு. இப்ப எடுத்துக்கிட்டாரு. இனிமே என்னத்தக் கேக்கிறது, எஸ்தரு?"

 தனியாக ஜெபித்தேன். அழுகை வந்தது, பயம் வரவில்லை. ஆண்டவர் கையை மூடிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

9-11 வெள்ளி

ஆறு மணிக்கு கேட் அடைப்பு. ஏழுக்கு மேல் யாரும் வாசல்படி தாண்டக் கூடாது. தடுப்பு ஆள் உயரந்தான். அதற்கு மேல் கூரை வரை திறப்பு. பக்கத்து அறையில் கடுகு வெடித்தால் எங்களுக்குத் தும்மல்.

பக்கத்து அறை முனியம்மா. அவள் புருஷன் சின்னையா போன வருஷம் கோலா சிலாங்கூர் ரோட்டில் காட்டுக்காரர்கள் லோரியைச் சுட்டபோது முதுகில் குண்டு பட்டவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இருட்ட ஆரம்பித்ததும் வசவு. முனியம்மாவை, தோட்டத்தை, சாமியை.

"பொறுத்துக்குங்கக்கா," என்றாள் குழாயடியில். "வலி. வேற யாரத் திட்டுவாரு?"

11-11 ஞாயிறு

ஆராதனை இல்லை. ஐந்து பேருக்கு மேல் கூடுவதற்கு அனுமதி வேண்டும். கிராணி எழுதிக் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. ரோடு சரியில்லாததால் போதகரும் மாசக் கடைசி வரை வரமாட்டார்.

மாலை ஏழு. மழை விட்டிருந்தது. மெதுவாக ஒரு பாட்டு எடுத்தேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இரண்டாவது அடியில் மூன்றாம் அறையிலிருந்து சூசையின் பெண்சாதி குரல். பிறகு கோடி அறையிலிருந்து. பிறகு எதிர் லயத்திலிருந்து. ஜெப வீட்டுக் குடும்பங்களில் எட்டு வீடும் அவரவர் அறைக்குள் இருந்தபடியே. கூரைக்குக் கீழே எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. ஜெப வீட்டில்கூட இப்படிக் கேட்டதில்லை.

ஒன்பதாவது எங்கள் வீடு. இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாடவில்லை.

12-11 திங்கள்

முனியம்மா சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நேத்து அவரு திட்டவேயில்லக்கா. பேசாம கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தானா?"

"தெனமும் பாடுவோம்லா," என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ!

14-11 புதன்

பாட்டு முடிந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சின்னையா கூப்பிட்டார்.

"தச்சரண்ணே, ஒங்க சாமி குடுக்குற சாமின்னு பாடுறாங்களே. எனக்குக் காலு குடுக்குமா?"

 ஒரு வாரமாக ஜெபிக்காத மனுஷனிடம் கேட்கிறார். இவர் எழுந்து உட்கார்ந்தார். 

"தெரியாது, சின்னையா. பொய் சொல்ல மாட்டேன். நானும் ஒண்ணு கேட்டேன், குடுத்தாரு, அது போயிருச்சு. அதோட அவரும் போயிட்டாருன்னுதான் நெனச்சேன். ஆனா போகல. கோவமாத்தான் படுத்திருக்கேன், பக்கத்துலயே இருக்காரு. அதுதான் எனக்குத் தெரியும்."

 சின்னையா சொன்னார்: "என் பக்கத்துல யாருமில்லண்ணே. இவ அசந்து தூங்கிர்றா. கூரையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எதற்கு என்று தெரியவில்லை.

17-11 சனி

தெரிந்துவிட்டது. வேலை முடிந்து வந்தவர் தடுப்பில் நாலு பலகையைக் கழற்றிவிட்டார். ஒரு ஆள் நுழையலாம். "வாசல்படிதானே தாண்டக் கூடாது? இது வாசல் இல்லையே," என்கிறார். முனியம்மா பழைய சேலையைத் தொங்கவிட்டாள். நான் உடை மாற்ற இனி மூலையில் ஒண்ட வேண்டும். அதையும் சொல்லிவிட்டேன். சிரித்தார், பத்து நாளில் முதல் தடவை.

மாலை சேலையை விலக்கிக்கொண்டு போய்ச் சின்னையாவுக்குச் சவரம் செய்தார். கன்னத்தில் ஒரு வெட்டு. அதற்கு வசவு.

கேட்டதை ஆண்டவர் கொடுப்பார் என்று நம்பியிருந்தேன். கொடுத்தார். அதைவிட அதிகம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. எழுதத் தெரியவில்லை.

18-11 ஞாயிறு

காலை கிராணி லயம் பார்க்க வந்தார். கூட்ட அனுமதி இன்னும் வரவில்லை என்றார். சேலையைப் பார்த்தார், விலக்கினார்.

"யாரு வேலை இது?"

"நான்தாங்கய்யா," என்றார் இவர்.

"தொரை பாத்தா ஒன் வேலையே போயிரும், தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

கிராணி குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். சின்னையா படுத்தபடியே கும்பிட்டார். பலகை கழற்றிய இடத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"பிசிறு நிக்குது. இழைச்சு விடு, யாரு கையையாவது கிழிச்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க இழைப்பு. சின்னையா படுத்துக்கொண்டே மேஸ்திரி வேலை: "அங்க இல்ல, கீழ. இன்னும் கீழ."

மாலை ஏழு. நான் தொண்டையைச் செருமுவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். சுருதி கொஞ்சம் மேலே. யாராலும் எட்ட முடியாது. எல்லோரும் அந்த உயரத்துக்கு எட்டப் பார்க்கிறார்கள், நானும் பாடப் போகிறேன்.