திருஇருதயப் படத்துக்குப் பின்னால் போன ஒயர்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
14-7-1964

அன்புள்ள மகன் சூசைமாணிக்கத்துக்கு அப்பா ராயப்பராஜ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி அமலோற்பவமும் கை கால் சுகமாய் இருக்கிறோம். பிலாயில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்குமாம், ஆகையால் இது கிடைத்ததும் ஒரு கார்டாவது போடு. வெயிலில் மூக்கில் ரத்தம் வந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதிலிருந்து அவள் தினம் ஒரு வைத்தியம் சொல்கிறாள், சின்ன வெங்காயத்தை மோரில் நறுக்கிப் போட்டுக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, இவ்வளவையும் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வாரமாக நான் கடிதம் போடாததற்குச் சுகக்குறைவு காரணம் இல்லை, வெட்கம்தான் காரணம். நடந்ததை உன் அம்மா எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும் என்று, டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பார்சல் ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈஸ்டர் லீவுக்கு வந்தபோது நீ ரேடியோவோடு சேர்க்க ஒரு தனி ஸ்பீக்கர் கொண்டுவந்து கொடுத்தாய் அல்லவா, எல்லாம் அதனால் வந்ததுதான், உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ரயில் ஏறிய மறுநாளே உன் அம்மாவுக்கு அதன் ஒயர் கண்ணில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. கூடத்துக்குக் குறுக்கே பாம்பு மாதிரி கிடக்கிறது, வருகிறவர் போகிறவர் தாண்டித் தாண்டிப் போகிறார்கள் என்றாள். பாய்க்கு அடியில் விட்டேன், பாய் அந்த இடத்தில் வரப்பு மாதிரி எழும்பிக்கொண்டது, நானே அதில் தடுக்கி வெந்நீர்ச் சொம்போடு விழுந்தேன். உத்தரத்தின் மேலே விட்டேன், நாலாம் நாள் எலி கடித்து வைத்தது. சுவரோரமாக ஆணி அடித்துக் கொண்டுபோகலாம் என்று பார்த்தேன், நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு உனக்குத் தெரியும், மூன்றாவது ஆணிக்குத் தோசை அளவு பெயர்ந்து விழுந்தது. நாலாவது ஆணிக்கு அடுத்த வீட்டு சைதூன், நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் தன் அலமாரியில் ஆடிய ஊறுகாய் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அண்ணே எங்க வீட்டுக்குள்ள வாறதுன்னா வாசல் வழியாவே வரலாமே என்று கேட்டுவிட்டுப் போனது. அதோடு சுத்தியலை உன் அம்மா ஒளித்து வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அமலிக்கு ஆத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் சவரிநாதன், அங்கே பள்ளிக்கூட வாத்தியார். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அத்தை இன்னாசியம்மாள். அணைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டத்தை ஒற்றை ஆளாய் நின்று நடத்துகிற பெண்பிள்ளை, பயபக்தி அதிகம், பேச்சு குறைவு, அந்த அம்மாள் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும் என்று சொன்னார்கள். ஜூன் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமலே இருந்துவிட்டதில் உன் அம்மா எவ்வளவு உடைந்து போயிருந்தாள் என்பது உனக்குத் தெரியும். அமலி வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டாள். அதனால் இந்தத் தடவை எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று சைதூன் வீட்டிலிருந்து ஆறு நாற்காலி வாங்கிப் போட்டோம், நாற்காலிக்கு இடம் வேண்டும் என்று ரேடியோவை உள்அறைக்குத் தள்ளினாள் உன் அம்மா. ஸ்பீக்கரையும் எடுத்து உள்ளே வையுங்கள், கூடத்தில் ஒரு ஒயர் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். ஒயர் கண்ணில் படக் கூடாது என்றுதானே சொன்னாள், ஸ்பீக்கர் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எடுத்துக்கொண்டேன். வந்தவர்கள் காப்பி குடிக்கும்போது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மெல்லிசாக நாதஸ்வரம் கேட்டால் எப்படி இருக்கும், அந்த அம்மாள் அண்ணாந்து பார்க்கும், இது என்னங்க என்று கேட்கும், என் மகன் பிலாயில் எலக்ட்ரிக் வேலையில் இருக்கிறான் என்று நான் சாவதானமாகச் சொல்வேன், இப்படியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அமலியிடம் சொன்னதும் அவள் கண்ணில் ரொம்ப நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. அம்மா தக்காளி வாங்கச் சந்தைக்குப் போன சனிக்கிழமை காலையில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறினாள். சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து ஒயருக்கே வெள்ளையடித்தாள். உள்அறைக் கதவு நிலையின் மேலே கொண்டுவந்து, எங்கள் கலியாணப் போட்டோ, உன் பத்தாம் வகுப்புப் போட்டோ, கோயில் காலண்டர் என்று சுவரில் வரிசையாகத் தொங்குகிறவற்றின் முதுகுப் பக்கமாகவே இழுத்துப் போனாள், இரண்டு படத்துக்கு நடுவில் நீயே நின்று பார்த்தாலும் ஒயர் தெரியாது. ஸ்பீக்கர் வைக்க மட்டும் இடம் கிடைக்கவில்லை. திருஇருதய ஆண்டவர் படம் ஒன்றுதான் முன்பக்கம் சாய்ந்து தொங்குகிறது, பின்னால் நல்ல இடைவெளி இருக்கிறது. பெட்டியிலிருந்து கழற்றி வெறும் ஸ்பீக்கரை அங்கே வைத்தோம். தப்பில்லையா அப்பா என்று அமலி கேட்டாள். ஆண்டவருக்குத் தெரியாதா நம் கஷ்டம் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ரேடியோவை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் ஊமையாகிவிட்டதே. ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். இன்னாசியம்மாள் உயரமான ஆள், வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. பையன் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அந்த அம்மாள் நேராகப் படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றது, நாங்கள் எல்லோரும் பின்னால் முழங்காலில் நின்றோம். ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கூடத்து பல்ப் எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேனே தவிர, ரேடியோவின் நினைவு எனக்கு இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அதற்குச் சூடேற ஒரு நிமிஷம் ஆகும். ஜெபம் முடிந்து அந்த அம்மாள் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்து, வாய்விட்டே, ஆண்டவரே இந்தச் சம்பந்தம் எங்களுக்கு ஒத்துவருமா, ஒரு வழி காட்டும் என்று கேட்டது.

படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு ஆண்குரல், வெளியிலே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, உள்ளே புழு துளைத்துக்கொண்டிருக்கும், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றது.

நான் அப்படியே முழங்காலில் நின்றேன். எழுந்து உள்அறைக்கு ஓடி ரேடியோவை நிறுத்தியிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள், பெற்ற மகளைப் பற்றி ஆண்டவரே இப்படிச் சொல்லிவிட்டார் என்று அவள் நினைப்பு. இன்னாசியம்மாள் அசையவில்லை, தலையை மட்டும் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்டவர் தொடர்ந்து, நுனிக்குருத்து வாடியிருந்தால் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், சொத்தைக் காயை வரப்பில் போடாதீர்கள், குழி வெட்டிப் புதையுங்கள் என்றார். அப்போதுதான் உள்வாசலில் காப்பித் தட்டோடு நின்ற அமலி சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள் முடியவில்லை, தட்டில் டம்ளரெல்லாம் கலகலவென்று ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். பையனும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குனிந்துவிட்டான்.

இன்னாசியம்மாள் எழுந்து படத்தை ஒரு விரலால் முன்னால் இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, இது யாரு வேல என்று கேட்டது. மகனே, இந்த இடத்தை நான் எழுதாமல் விட்டாலும் உன் அம்மா எழுதிவிடுவாள். என் வாயில் உன் பெயர்தான் வந்தது. லீவுக்கு வந்த என் மகன் மாட்டிவிட்டுப் போனது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அமலி தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் இல்ல அத்தே. ஒயரை இழுத்தது நான். அப்பா ஏணியப் பிடிச்சாரு. சாமிக்குப் பின்னால வச்சது தப்புதான்."

ரேடியோ தன் விவசாய நிகழ்ச்சியில் அடுத்து வெண்டைக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. உன் அம்மா போய் அதை நிறுத்தினாள். அந்த அம்மாள் கதவு நிலையிலிருந்து தொடங்கிச் சுவரோரமாக விரலால் தடவிக்கொண்டே போனது, ஒயர் அகப்படவில்லை. எங்க ஓடுது, காட்டு என்றது. அமலி ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டினாள், பையன் எழுந்துபோய் அவள் தூக்கிய படங்களைத் திரும்ப ஆணியில் மாட்டினான். காப்பி குடித்தார்கள். சரி வாரோம் என்று சொல்லிவிட்டு ஆத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் இந்த வீட்டில் நான் பட்ட பாட்டை எழுதினால் தபால்தலை போதாது. உன் அம்மா என்னிடம் நேராகப் பேசவில்லை, சைதூன், உங்க அண்ணன்கிட்ட ரசம் ஊத்தவான்னு கேளு என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அங்கிருந்து சைதூன் கேட்கும், நான் சுவரைப் பார்த்து ஊற்றச் சொல்ல வேண்டும். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அவர் கம்பிக்கு அந்தப்பக்கம் வெகுநேரம் பதில் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது தடவையும் என் மகளுக்கு ஒன்று தட்டிப் போனால் அதற்கு நான் ஒருவனே காரணம் என்பது நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் அமலியிடம் சொன்னேன், நான் பொய் சொன்னதோடு விட்டிருக்கலாமே தாயி, நீ ஏன் ஒத்துக்கொண்டாய் என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "முன்னால வந்தவுகளுக்கு முன்னால பொம்மையாட்டம் நின்னேன்ப்பா, அவுக பாத்தது என்னைய இல்ல. இவுகளாச்சும் என்னையப் பாத்துட்டுப் போயி வேணாம்னு சொல்லட்டும்" என்றாள். அவளைப் பற்றி இத்தனை வருஷம் எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தால் வாசலில் இன்னாசியம்மாள் தனியாக நிற்கிறது, காலடியில் ஒரு கூடை கத்தரிக்காய். உள்ளே வந்து உட்கார்ந்து அரிவாள்மனை கேட்டது. உன் அம்மா எடுத்துவந்து கொடுத்தாள். கூடையில் மேலாக இருந்த ஐந்தாறு காயை ஒவ்வொன்றாக அரிந்து காட்டியது, ஒன்றிலும் புழு இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தோட்டத்தில் அறுத்துப் பார்த்ததாம், பத்துக்கு நாலு சொத்தை, மறுநாளே ஆள் வைத்து வாடின நுனியெல்லாம் கிள்ளி எரித்ததாம். சாமி சொன்னாரா ரேடியோ சொல்லுச்சான்னு எனக்குத் தெரியல, கேட்டது நான், பதில் வந்துச்சு என்றது. பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆனது எங்கள் மேல் கோபத்தால் இல்லையாம், அடுத்த பறிப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்ததாம். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகப்பன் பொய் சொல்லும்போது தட்டைக் கீழ வச்சுட்டு நெசத்தச் சொல்லுச்சு பாருங்க, எங்க வீட்டுக்கு அந்தப் பிள்ளதான் வேணும், பையனும் அன்னையிலருந்து தனியாச் சிரிச்சுக்கிட்டுத் திரியிறான் என்றது. உன் அம்மா என் பக்கம் திரும்பி, நேராக என்னைப் பார்த்து, இனிப்பு வாங்கிட்டு வாங்க என்றாள், இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது, நான் செருப்புப் போடாமலே கடைக்கு ஓடினேன்.

ஸ்பீக்கரைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தாகிவிட்டது, இப்போது சமையல்கட்டுச் சுவர் மாடக்குழியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கலியாணத்தை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சூசையப்பர் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம், ஆகையால் பத்து நாளாவது லீவு கேட்டு இப்போதே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிடு, அண்ணன் இல்லாமல் அமலி கோயில் படி ஏற மாட்டேன் என்கிறாள். உன் பெயரை நான் இழுத்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே. ஞாயிறு பூசையை விடாதே, மோர் குடி, ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே, கண்ணில் கரி விழும். ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காப்பார்கள். உன் அம்மாவின் ஆசீர்வாதமும் தங்கச்சியின் அன்பும் இதில் அடங்கும்.

எழுத விட்டது ஒன்று. அந்த அம்மாள் கிளம்பும்போது, உனக்கு எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமாத்தா என்று அமலியிடம் கேட்டது. நகை, துணி, தனிக்குடித்தனம் என்று எதையாவது கேட்டுவிடுவாளோ என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சமையல்கட்டில் இருந்த ஸ்பீக்கரையும் அதன் ஒயரையும் எட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டத்து மோட்டார் ரூம் வீட்டுல இருந்து எம்புட்டுத் தூரம் அத்தே?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
அ. ராயப்பராஜ்