காமாலை என்று நான் சொன்னது

அக்கா,

இன்று காலை மகள் எனக்கு பிரஷர் பார்த்தாள். கையில் சுற்றிய ரப்பர் பட்டையின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்து நின்றது. இமைகள் வீங்கிய அந்த முகம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு நான் நர்ஸாக வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஊரில் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. உங்களுக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம். நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் சுருண்டு கிடந்தீர்கள். இரண்டு நாளாக வாந்தி, தலைவலி, வலது விலாவுக்குக் கீழே வலி.

"காய்ச்சல் இல்லீங் அம்மிணி. கண்ணுதான் மங்கலாத் தெரியுது" என்றீர்கள்.

இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் இருந்ததா என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் இருக்கற காமாலைதானுங்க்கா. கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க."

"கையில துணி சுத்திப் பாப்பீங்களே, அது பாக்கலீங்களா?"

"காமாலைக்கு அது எதுக்குங்க்கா?"

பிரஷர் பார்க்கும் கருவி சுகாதார நிலையத்தில் இருந்தது. போய் எடுத்துவரப் பத்து நிமிடம் போதும். ஆனால் நான் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, சிநேகிதியோடு சினிமா பார்க்க.

மறுநாள் காலை உங்கள் வீட்டுக்காரர் ஓடிவந்தார். உங்களுக்கு வலிப்பு கண்டிருந்தது. வாடகைக் காரில் உங்கள் தலையை என் மடியில் தாங்கிக்கொண்டு பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீங்கள் பிழைத்தீர்கள். குழந்தை இறந்தே பிறந்தது. பெண்.

அங்கிருந்த டாக்டரம்மா உங்கள் சிறுநீரைக் குழாயில் காய்ச்சி எனக்குக் காட்டினார். வெள்ளையாகத் திரிந்து நின்றது. வைரஸ் காமாலையிலும் வாந்தி வரும், விலா வலிக்கும். கர்ப்பகால பிரஷரிலும் அப்படியே வரும். இதைக் காய்ச்சிப் பார்த்து, கையில் பட்டையையும் சுற்றிப் பார்த்திருந்தால் எது என்று அன்றே தெரிந்திருக்கும். காமாலை என்றால் நான் செய்யக்கூடியது அதிகம் இல்லை. பிரஷர் என்றால் அந்த நிமிடமே உங்களை வண்டியேற்றியிருக்க வேண்டும்.

"நீ பிரஷர் நோக்கியோ?" என்று மலையாளத்தில் கேட்டார், பார்த்தாயா என்று.

"நோக்கி டாக்டர். நார்மல்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஐந்தாம் நாள், உங்களுக்கு நினைவு நன்றாகத் தெளிந்தபின், நர்ஸ் பிரஷர் பார்த்தாளா என்று உங்களையே கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "பாத்தாங்க" என்றீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அதன்பின் உங்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். எனக்கும் கல்யாணமாயிற்று. ஒவ்வொரு கடலை அறுவடைக்கும் உங்கள் வீட்டுக்காரர் ஒரு பை பச்சைக்கடலை கொண்டுவந்து கொடுப்பார். "ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தவங்க நீங்க" என்பார். நான் வாங்கிக்கொண்டேன். வருடா வருடம் வாங்கிக்கொண்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். "சாப்புடுங் அம்மிணி, ஆறீரும்" என்று தட்டை என் பக்கம் தள்ளுவீர்கள். நானும் குனிந்து சாப்பிட்டுவிடுவேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று நான் பார்க்கவில்லை, அக்கா எனக்காகப் பொய் சொன்னார் என்று. அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுமுங் அம்மிணி. டாக்டரம்மா கேட்டுட்டுப் போன அன்னைக்கே அவ எங்கிட்டச் சொல்லீட்டா. 'சின்னப்புள்ள, வேலை போயிருமுங்க, ஆருகிட்டயும் சொல்லீராதீங்க'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டா. எனக்கு ஆத்தாமையில நாலு நாள் அவகூடப் பேச்சே இல்லீங்க."

பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்தபோது நீங்கள் அதையும் தாங்கியிருக்கிறீர்கள், என்னால். அந்த நாலு நாளும் நான் தினமும் வந்தேன், அக்கா. உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.