கழற்றிய கதவு

அக்காவுக்கு,

உன் தம்பி திருந்தவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஒருவன் பல்லை உடைத்தேன். தண்டனையாக அப்பா என் அறைக் கதவைக் கழற்றிவிட்டார். "இனிமே நீ என்ன பண்றேன்னு நான் பாக்கணும்" என்றார்.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை. என் கட்டிலிலிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும்.

அவர் குரல் உயர்ந்ததும் நீ கதவைச் சாத்தி ரேடியோவை அலற விடுவாயே, உனக்குக் கல்யாணமான பிறகு நானும் அதையேதான் செய்தேன்.

நேற்று சமையலறையில் அம்மாவை அடிக்கக் கையை ஓங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னடா முறைக்கிற?"

"கதவு இல்லியேப்பா. தெரியுது."

ஓங்கிய கை, தண்ணீர் குடிக்க வந்ததுபோல் சொம்பை எடுத்தது.

இன்று அவரே கதவைத் தூக்கிக்கொண்டு வந்து, "போதும், மாட்டிடலாம்" என்கிறார். திருகாணிகளைக் காணோமென்று வீட்டையே புரட்டிப் போடுகிறார். நான் அவற்றைச் சட்டைப்பையில் போட்டதைப் பார்த்த அம்மாவும் கூடவே மும்முரமாகத் தேடுகிறாள்.

அவை இந்த உறைக்குள் இருக்கின்றன. புதிதாக வாங்கி வந்தால் அவற்றையும் அனுப்புவேன். திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே.

உன் திருந்தாத தம்பி