நாச்சிமுத்துக்குக் கொடுக்காத சோடா

பரமத்தி வேலூர்
19-2-1962

சூரமங்கலம் டாக்டர் இன்பமேரி அம்மாளுக்குச் சென்னியம்மாள் எழுதறது.

நலம் விசாரிச்சு எழுத மனசு வரலீங்க. சேலத்து மோட்டார் ரேஸ்ல எம்பட பையன் நாச்சிமுத்து பைக்கோட உருண்டு விழுந்தப்ப, பெத்தவ கயித்தத் தாண்டி ஓடியாந்தேன். தலையத் தூக்கி மடியில வெக்கப் போனவளை, ஊரே பாக்க, கையப் புடிச்சு அக்கட்டால தள்ளினீங்களே! அவன் வாயில ஊத்தக் கொண்டாந்த சோடாவையும் தட்டி உட்டீங்க. ஏனுங்க, நீங்களும் ஒரு பொம்பளதானா? பொணத்தத் தூக்கற மாதிரி பலகையில கட்டித் தூக்கிட்டுப் போனீங்க.

ரேஸ் சங்கத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். இனிமே மைதானத்துக்குள்ள கயிறும் கெடையாது, டாக்டர் உத்தரவும் கெடையாதுன்னு வர்ற கூட்டத்துல முடிவு பண்றாங்களாம். நல்லா வேணும் உங்களுக்கு.

சென்னியம்மாள்


சூரமங்கலம்
23-2-1962

அம்மா,

ஆமாம், தள்ளினேன். நாளைக்கும் தள்ளுவேன். உங்கள் மகனுக்குக் கழுத்தெலும்பில் கீறல். மடியில் தூக்கி வைத்திருந்தீர்களானால் ஆயுசுக்கும் கைகால் அசைந்திருக்காது. இன்று மாவுக்கட்டோடு உங்கள் வீட்டில் படுத்திருக்கிறான் என்றால் அந்தப் பலகையால்தான்.

போன வருஷம் இதே மைதானத்தில் திருச்செங்கோட்டு அர்த்தநாரி விழுந்தானே, எனக்கு எங்கே நாற்காலி போட்டிருந்தார்கள் தெரியுமா? பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், கழுத்தில் மாலையோடு! நான் ஓடிப் போவதற்குள், மயங்கிக் கிடந்தவன் வாயில் யாரோ சோடா ஊற்றிவிட்டார்கள். அவனுக்கு முறிந்தது தொடை எலும்பு. அதை நான் சரி பண்ணியிருப்பேன். சோடா மூச்சுக்குழலில் இறங்கித்தான் செத்தான். வேகம் கொன்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேசியபோது எனக்கு வயிறு எரிந்தது. அதற்கப்புறம்தான் சண்டை போட்டுக் கயிறு கட்ட வைத்தேன். விழுந்தவனை என் ஆட்கள் தவிர யாரும் தொடக்கூடாது என்றேன்.

அதை அவிழ்க்கப் போகிறார்கள், உங்கள் புண்ணியத்தில். கூட்டத்தில் அர்த்தநாரி எப்படிச் செத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லத்தான் போகிறேன்.

இன்பமேரி


பரமத்தி வேலூர்
27-2-1962

டாக்டரம்மா,

உங்க கடுதாசி படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. அந்தச் சோடாவ ஊத்துனது எம்பட பையன்தானுங்க.

அர்த்தநாரியும் அவனும் ஒரே தட்டுல தின்னு வளந்தவங்க. "கடைசியா எங்கையால ரெண்டு வாய் குடிச்சாம்மா"ன்னு இன்னிக்கும் சொல்லுவான். அந்த ஆறுதல்லதான் அவன் நடமாடிக்கிட்டு இருந்தான். கூட்டத்துல நீங்க சொன்னா இவன் காதுக்கு வராமப் போயிருமா?

புகார நான் திருப்பி வாங்கிக்கறேன். வேற எந்தப் பொய்ய வேணும்னாலும் சொல்லுங்க. சோடான்னு மட்டும் சொல்லிராதீங்க சாமி.

சென்னியம்மாள்


சூரமங்கலம்
2-3-1962

அம்மா,

யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் பொய் சொல்லச் சொல்லாதீர்கள், எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நீங்கள் புகாரைத் திருப்பி வாங்கினாலும் சங்கத்துக்காரர்கள் மாற மாட்டார்கள். கயிறு அவர்களுக்குத் தொந்தரவு. நான் வாயை மூடிக்கொண்டால், அடுத்த வருஷமும் எவனாவது பாசத்தோடு சோடாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

பெயர் சொல்ல மாட்டேன். வருகிற 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, நானே நாச்சிமுத்துவிடம் பக்குவமாகச் சொல்கிறேன்.

இன்பமேரி


பரமத்தி வேலூர்
8-3-1962

டாக்டரம்மாவுக்கு,

வராதீங்க. நானே சொல்லிப்போட்டேன்.

மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்தான். தண்ணி குடுத்தா வாயத் தொறக்கல. நேத்துச் சாயங்காலம்தான் பேசுனான். "பேரையும் சொல்லச் சொல்லும்மா. பேரில்லாமச் சொன்னா எவனோ முட்டாப்பய செஞ்சான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க"ன்னான்.

அதனால சொல்லுங்க. பரமத்தி வேலூர் சென்னியம்மா மகன் நாச்சிமுத்துன்னு சத்தமாவே சொல்லுங்க. கயித்த அவுக்க உடாதீங்க. நீங்க செஞ்சதெல்லாம் சரிதானுங்க.

ஆனா எங்க ஊட்டு வாசப்படிய மட்டும் மிதிக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாக்க என்னால ஆகாதுங்க.

நாச்சிமுத்தோட அம்மா