ஆறாம் நம்பர் பூட்ஸ்

இன்று காலை கடைக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் புது ரப்பர் வாசம் குப்பென்று அடித்தது. இலுப்பூரில் இத்தனை வருஷமாகச் செருப்புக்கடை நடத்துகிறவளுக்கு அது புது வாசமா என்ன? ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காட்டுவேலைக்கு வரவழைத்த பூட்ஸ் அவை. மேலாக இருந்த ஜோடி ஆறாம் நம்பர். உன் அளவு.

நாம் இருவரும் ஐயனார் காட்டுக்குப் போக ஆரம்பித்த நாட்கள் நினைவிருக்கிறதா? உண்ணிச்செடி மண்டி, வீரமரக் கன்றுகளை அமுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று வனத்துறையில் கேட்டிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு திமுதிமுவென்று உள்ளே போனார்கள். காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். அடுத்த வாரம் பார்க்கக்கூட வரவில்லை.

காரணம் உனக்குத்தான் புரிந்தது. பால் சொசைட்டியில் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்கிறவள் நீ. எல்லையில் நிற்கும் மண்குதிரையைத் தாண்டி அந்த ஊரில் யாரும் செருப்புக்காலோடு போவதில்லை. "செருப்ப இங்கிட்டே விட்டுட்டு வாங்க. இது அவுங்க சாமி இருக்குற எடம், நாமதான் விருந்தாளி" என்று பிள்ளைகளிடம் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "செருப்புக்கடைக்காரி, மொதல்ல நீ கழட்டுடி" என்று சிரித்தாய். கழற்றினேன். அடுத்த வாரமே ஊர்ப் பெண்கள் அரிவாளோடு வந்து நின்றார்கள். அதன்பின் காட்டைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான், நாம் கூடமாட நின்றோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ வெறுங்காலோடுதான் இருந்தாய். சருகுக்குள் கிடந்த கண்ணாடிவிரியனை மிதித்துவிட்டாய். "ஏய், என்னமோ கடிச்சிருச்சுடி" என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். வைத்தியம் பார்த்தும் சிறுநீரகம் தேறவில்லை. சில நாளில் போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "தீட்டோட உள்ள போயிருப்பா" என்று என் காதுபடச் சொன்னாள். அவள் வாயைக் கிழிக்கலாம் போல இருந்தது. உன் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உன் காரியம் முடிந்த பிறகு பூசாரி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாமி குத்தமெல்லாம் இல்லத்தா. இனிமே எல்லாரும் காலுக்குப் போட்டுக்கிட்டே உள்ள போங்க. ஐயனார் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார். கடையிலேயே அழுதுவிட்டேன். அப்படித்தான் பூட்ஸ் வரவழைக்க ஆரம்பித்தோம்; இன்று வந்தது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு.

இப்போதைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பூட்ஸோடு போவதைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்களும் செருப்போடு உள்ளே வந்தார்கள். பிறகு குடிக்கிறவர்கள் வந்தார்கள். பிறகு கோடாலி வந்தது. தட்டிக்கேட்டால், "நீங்க பூட்ஸு போட்டுப் போகலாம், நாங்க போனா மட்டும் ஆகாதோ?" என்கிறார்கள். ஊர்ப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நாம் களையெடுத்துக் காப்பாற்றிய வீரமரக் கன்றுகளில் பாதி இன்று அடிக்கட்டை. அந்தக் காட்டுக்கு வேலி என்று ஒன்று இருந்திருந்தால், அது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுதான். அந்த வேலிதான் உன்னைக் கொன்றது. இதில் எதை நான் சரி என்று சொல்ல?

யாரையும் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காடே அழிந்தாலும் வராது. பிள்ளைகளுக்குப் பூட்ஸை நானே மாட்டிவிடுகிறேன். என்னுடையதை மட்டும் குதிரையடியில் கழற்றி வைத்துவிட்டு, நீ காட்டுக்கு எடுத்துவரும் கம்பால் சருகைத் தட்டித் தட்டி உள்ளே போகிறேன். கால் கூசுகிறது.

போன வாரம் ஆட்டுக்காரர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு நின்றார். "அந்தப் புள்ள போனதுக்கப்புறமுமா இப்படி? பயமா இல்லையா ஒனக்கு?" என்றார்.

"இருக்குண்ணே" என்றேன்.

அவர் செருப்புக்காலோடு என்னைத் தாண்டி உள்ளே போனார்.